திரிசூலத்தில் நின்ற பாட்டு

டீச்சருக்குக் கழுத்தில் ஆபரேஷன் என்று எனக்குச் சொன்னது டீச்சர் இல்லை. தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் பூ விற்கும் அக்காதான் சொன்னார்.

"இன்னா மேடம், ஒண்ணுமே தெரியாத மாரி முழம் எவ்ளோன்னு கேட்டுகினு நிக்கிறே? டீச்சரம்மாவுக்குக் கயுத்துல ஆப்ரேசனாமே, தெரியாது? வர்ற செவ்வாக்கெயம. உள்ள கட்டி கீதாம். கொரலுக்குப் போற நரம்பு அத்த ஒட்டிகினு போவுதாம். கொரலு இருந்தாலும் இருக்கும், பூட்டாலும் பூடும்னு டாக்டரே சொல்லிட்டாராம்."

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பயமும் கவலையும் ஊரப்பாக்கம் போகும் ரயிலில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் வந்தன. பூக்கார அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பழகி என்ன பிரயோஜனம்? வாங்கிய பூவை அன்று சாமி படத்துக்கு வைக்கவும் மறந்துவிட்டேன். ஃப்ரிட்ஜில் கிடந்து கறுத்துப்போயிற்று.

டீச்சரின் குரல் போய்விடலாம் என்பது எங்களுக்கு எப்பேர்ப்பட்ட செய்தி என்று புரிய வேண்டுமானால், எங்கள் நாடகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாடகம் என்றால் பாட்டு நாடகம். முக்கால்வாசி பாட்டு, கால்வாசி பேச்சு. தாம்பரத்திலிருந்து பீச் ஸ்டேஷனுக்குப் போகும் காலை எட்டு பதினேழு மின்சார ரயிலில் பிறந்து, அதிலேயே ஒத்திகை பார்த்து, அப்புறம் மேடை ஏறிய நாடகம். குரோம்பேட்டையிலிருந்து கேளம்பாக்கம் வரைக்கும் எத்தனை பள்ளிக்கூட ஹாலில், எத்தனை காலனி ஆண்டு விழாவில் போட்டிருப்போம் என்று எனக்கே நினைவில்லை. இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் ஐம்பது வயது தாண்டிய யாரையாவது நிறுத்தி, "அந்த ரயில் நாடகம்" என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலர்ந்துவிடும். சிலர் பாடியே காட்டுவார்கள். தப்பாகத்தான் பாடுவார்கள், ஆனாலும் கேட்கச் சந்தோஷமாக இருக்கும்.

கதை சின்னது. பரீட்சைக்குப் போன மகள் ஹால் டிக்கெட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போய்விடுகிறாள். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அம்மா ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள். ஓடுகிற அவசரத்தில் தனக்கு ரயில் டிக்கெட் வாங்க மறந்துவிடுகிறாள். நடுவழியில் டிக்கெட் பரிசோதகர் பிடித்துக்கொள்கிறார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கு என்கிறார். பெட்டியில் இருப்பவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அந்த அம்மாவுக்காக வாதாடுகிறார்கள். அவ்வளவுதான். அம்மா, டீச்சர். ஈவு இரக்கமில்லாத அந்தப் பரிசோதகர், சாட்சாத் நான்.

எழுதி மெட்டும் போட்டவர் மாஸ்டர். எழும்பூரில் ஓர் ஆபீஸில் கிளார்க், ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர். குள்ளமான மனிதர், சட்டைப்பையில் எப்போதும் நாலு பேனா இருக்கும், நாலில் ஒன்றுதான் எழுதும். ரயிலில் அவருக்கு வாத்தியம் அவருடைய டிபன் பாக்ஸ்தான். மூடியில் விரலால் தட்டித் தாளம் போடுவார். தயிர்சாதம் கொண்டுவந்த நாளில் ஒரு சத்தம், எலுமிச்சை சாதம் என்றால் ஒரு சத்தம் என்று நாங்கள் கேலி செய்வோம்.

டீச்சர் நுங்கம்பாக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். வீடு குரோம்பேட்டை. குரோம்பேட்டையில் ஏறினால் உட்கார இடம் கிடைக்காது என்று தினமும் காலையில் எதிர்த் திசையில் தாம்பரம் வந்து, அங்கே புறப்படுகிற வண்டியில் இடம் பிடித்து, மறுபடியும் குரோம்பேட்டை வழியாகவே போவார். இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு அது ஒன்றும் அதிசயமில்லை, பாதிப் பேர் அப்படித்தான் போவார்கள். அப்புறம் பேங்க் சார். ஏறியதும் தூங்குவார், பீச் வந்ததும் விழிப்பார். தூங்குமூஞ்சிப் பயணியின் வேஷத்தை அவரைப் பார்த்துத்தான் மாஸ்டர் எழுதினார், அவருக்கே கொடுத்தார். பூக்கார அக்கா அந்த நாளில் கூடையோடு மாம்பலம் வரைக்கும் போவார். அவருக்குப் பூக்காரி வேஷம். "நான் இன்னாத்த நடிக்கிறது, பூ கட்டிகினு குந்திகினா போதுமில்ல?" என்று கேட்டுவிட்டு, முதல் ஒத்திகையிலேயே எங்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டார். மீதிப் பயணிகளாக அதே பெட்டியில் வருகிற இன்னும் ஒன்பது பேர்.

நான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தது சண்டையில். கல்யாணமாகி எனக்கு அப்போது நாலாவது வருஷம். குழந்தை இல்லை. மாமியார் வீட்டில், அம்மா வீட்டில், ஆபீஸில், மாடி போர்ஷனில், எங்கே போனாலும் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று ஒரே கேள்வி. எல்லாரிடமும் சிரித்து மழுப்பி மழுப்பி, விசில் வராத குக்கர் மாதிரி இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை, மண்டை பிளக்கிற தலைவலி. எதிர் வரிசையில் இவர்கள் டிபன் பாக்ஸைத் தட்டிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். பல்லாவரம் வரைக்கும் பொறுத்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"இது ரயிலா, பஜனை மடமா? காசு குடுத்து டிக்கெட் வாங்கிட்டுத்தானே எல்லாரும் வரோம்? நிம்மதியா உக்காந்து வர்றதுக்கு நாதி இல்லையா? அடுத்த ஸ்டேஷன்ல எல்லாரும் மரியாதையா இறங்குங்க!" என்று எழுந்து நின்று கத்தினேன்.

பெட்டியே என்னைத் திரும்பிப் பார்த்தது. மாஸ்டர் மட்டும் கையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"கிடைச்சாச்சு! மூணு மாசமா இந்த வேஷத்துக்கு ஆள் தேடறேன் டீச்சர், கர்த்தரே அனுப்பி வெச்சிருக்காரு!"

எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. இன்னும் நாலு வார்த்தை கத்தினேன். டீச்சர்தான் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டார். பையிலிருந்து தைலம் எடுத்துக் கொடுத்தார்.

"உக்காருங்கம்மா. தலைவலியா? இதைத் தடவுங்க. நாளைக்கும் வாங்க, இந்தக் கோபம் ஒரு சொட்டு குறையாம அப்படியே எடுத்துட்டு வாங்க. இவ்ளோ அருமையான கோபத்தைப் போய் வீட்லயும் ஆபீஸ்லயும் வீணாக்கறீங்களே."

மறுநாள் போனேன். ஏன் போனேன் என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. பதினோரு வருஷம் அந்த ரயிலில் டீச்சருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன். பதினோரு வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட அவர் என்னிடம் "விசேஷம் உண்டா" என்று கேட்டதில்லை. எங்களுக்குக் குழந்தை பிறக்கவே இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்காத ஒரே பெண் இந்த உலகத்தில் அவர்தான். இதற்கு நான் அவருக்கு எப்படி நன்றி சொல்வது? கேட்காமல் இருந்ததற்கு நன்றி என்று யாராவது யாருக்காவது சொல்லியிருக்கிறார்களா?

எங்கள் ஒத்திகைக்கு ஒரு ஒழுங்கு இருந்தது. வண்டி ஓடும்போது பாட வேண்டும், ஸ்டேஷனில் நின்றால் நிறுத்திவிட வேண்டும். ஸ்டேஷனில் ஏறுகிற கும்பலின் சத்தத்தில் பாடினால் தொண்டைக்குத்தான் கேடு என்பது மாஸ்டரின் கட்டளை. அதனால் வண்டி நின்றதும் பாட்டு நிற்கும். எல்லாரும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி உள்ளே நகருவோம். வண்டி கிளம்பியதும் விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடரும். ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. அம்மாவின் பாட்டுதான் நாடகத்தின் உயிர். அதைப் பல்லாவரம் தாண்டியதும் எடுப்போம். "இன்னும் எத்தனை ஸ்டேஷன் இருக்கு, கதவோரக் காத்தே சொல்லு" என்று டீச்சர் ஆரம்பித்தால், கதவோரம் தொங்கிக்கொண்டு வருகிற ஆட்களே திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டாவது சரணம் முடியும்போது சரியாகத் திரிசூலம் வரும். நிறுத்துவோம். மூன்றாவது சரணம் மீனம்பாக்கத்துக்குள் முடிந்துவிடும்.

இப்படியே எட்டு மாதம். மேடையில் ஒரு நாள்கூட ஒத்திகை பார்க்கவில்லை. எல்லாருக்கும் ஆபீஸ், எல்லாருக்கும் குடும்பம், ரயிலைத் தவிர வேறு எங்கே நேரம்?

முதல் அரங்கேற்றம் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட ஹாலில். கூட்டம் நெருக்கித் தள்ளிக்கொண்டு இருந்தது. டீச்சர் அம்மாவின் பாட்டை எடுத்தார். ஹால் அப்படியே அடங்கிப்போயிற்று. முதல் சரணம், இரண்டாவது சரணம். இரண்டாவது சரணம் முடிந்ததும் பாட்டு நின்றது.

யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. மேடையில் இருந்த பதினாலு பேரும் நிறுத்தினார்கள். மாஸ்டரின் கை ஆர்மோனியத்திலிருந்து தானாக எழுந்துவிட்டது. எல்லாரும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓர் அடி உள்ளே நகர்ந்தார்கள். தூங்குகிற வேஷத்தில் இருந்த பேங்க் சார்கூடக் கண்ணை மூடிக்கொண்டே காலை மடக்கி வழி விட்டார். அப்படியே நின்றோம். திரிசூலத்தில் வண்டி எவ்வளவு நேரம் நிற்குமோ அவ்வளவு நேரம். ஆனால் மேடை எங்கே கிளம்பப்போகிறது? வண்டி கிளம்புகிற குலுக்கல் வராமல் யாருக்கும் மூன்றாவது சரணத்தை எடுக்கத் தோன்றவில்லை. முன்வரிசையில் தலைமையாசிரியை திரும்பி மைக் செட்காரரை முறைக்கிறார். அவர் பாவம், ஒயரை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுகிறார். நான் ஓரத்தில் நின்று பல்லைக் கடிக்கிறேன். எனக்கும் என்ன நடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது, ஐயோ, இது திரிசூலம்!

அப்போது டீச்சர் ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார். முகத்தில் துளி பதற்றம் இல்லை. "உள்ள தள்ளி நில்லுங்க! கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க! நடுவுல எவ்ளோ இடம் இருக்கு பாருங்க!" என்று ஹாலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். தினமும் அந்த ரயிலில் போகிற ஜனங்கள்தானே அவர்கள். ஹாலே வெடித்தது. சிலர் நிஜமாகவே நாற்காலியோடு நகர்ந்தார்கள். அந்தச் சிரிப்பில் மாஸ்டருக்கு உயிர் வந்தது, ஆர்மோனியக் கட்டையில் கை விழுந்தது, மூன்றாவது சரணம் கிளம்பியது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் அந்தச் சரணம் முடியும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் மாஸ்டர் தன் நோட்டில் அந்த இடத்தில் "இங்கே திரிசூலம்" என்று எழுதிவிட்டார். அதற்குப் பிறகு எங்கே போட்டாலும் அந்த மௌனம் உண்டு. கேளம்பாக்கத்தில் போட்டபோது, அங்கே ரயிலே கிடையாது, அங்கேயும் ஜனங்கள் அதற்காகவே காத்திருந்தார்கள்.

என் வேஷத்துக்கும் டீச்சர் ஒன்று செய்தார். முதலில் மாஸ்டர் எழுதிய முடிவில் பயணிகள் எல்லாரும் "அந்தம்மா இறங்கினா நாங்களும் இறங்கறோம்" என்று இறங்கிவிடுவார்கள், பரிசோதகர் தோற்று நிற்பார், திரை விழும். "அப்படி முடிக்காதீங்க மாஸ்டர், காலிப் பெட்டியில அந்தப் பரிசோதகர் அம்மா தனியா நிக்கறாங்கல்ல, அவங்களுக்கும் ஒரு பாட்டு வேணும்" என்று டீச்சர் அடம் பிடித்து எழுத வைத்தார். நாலே வரி. எனக்குப் பாடத் தெரியாது, பேசுகிற மாதிரிதான் பாடுவேன். எல்லாரையும் திரும்பி வரச் சொல்லிக் கூப்பிடுகிற பாட்டு. ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் எனக்கு அழுகை வந்துவிடும். என்னமாய் நடிக்கிறாள் என்று எல்லாரும் பாராட்டினார்கள். நடிப்பும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. வீட்டில் அழ முடியாததை எல்லாம் அங்கே அழுதேன். அப்படி ஓர் இடம் எனக்கு வேண்டும் என்று டீச்சருக்கு எப்படித் தெரிந்ததோ.

பேங்க் சாரைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். கடைசியில் அவர் விழித்தெழுந்து கனத்த குரலில் நாலு வரி பாட வேண்டும். குரோம்பேட்டை மேடையில் மனுஷன் நிஜமாகவே தூங்கிவிட்டார். மாஸ்டர் அவருடைய மெட்டை ஆர்மோனியத்தில் மூன்று தடவை வாசித்தும் அசையவில்லை. பூக்கார அக்கா சாவகாசமாக எழுந்துபோய், பூக்கூடையில் தெளிக்க வைத்திருந்த தண்ணீரைச் சொம்போடு எடுத்து அவர் முகத்தில் தெளித்து, "யோவ், பீச்சு வந்துட்ச்சு, எயுந்திரு" என்றார். கைதட்டல் என்றால் அன்றைக்குத்தான் கைதட்டல்.

பிறகு ஒவ்வொருவராக ரிட்டயர் ஆனோம். எட்டு பதினேழில் ஏற ஆள் இல்லை, நாடகமும் நின்றது. மாஸ்டர் காலமாகி ஆறு வருஷம் ஆகிறது. அந்த நாடகத்தை யாரும் பதிவு செய்து வைக்கவில்லை. டீச்சர் பாடியது எங்கேயும் இல்லை, டீச்சரின் தொண்டையைத் தவிர.

இந்த வருஷம் மாஸ்டரின் மகள் அப்பாவின் நோட்டைத் தேடி எடுத்து, தன் காலனி ஆட்களை வைத்து நாடகத்தை மறுபடியும் போட ஏற்பாடு செய்தாள். எங்களை எல்லாம் "ஒரிஜினல் டீம்" என்று சொல்லி முன்வரிசைக்கு அழைத்தாள். டீச்சர் மட்டும் மேடையில் வந்து அம்மாவின் பாட்டைப் பாட வேண்டும் என்று கெஞ்சியிருக்கிறாள். முடியாது என்று டீச்சர் சொல்லிவிட்டாராம். நாடகம் ஞாயிற்றுக்கிழமை. ஆபரேஷன் செவ்வாய்க்கிழமை.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு நான் குரோம்பேட்டையில் டீச்சர் வீட்டு வாசலில் நின்றேன். கதவைத் திறந்தவர் கழுத்தைச் சுற்றிப் புடவைத் தலைப்பைப் போட்டிருந்தார்.

"ஏன் டீச்சர், நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"வந்ததும் வராததுமா ஆரம்பிச்சாச்சா? உள்ள வாங்க, காபி போடறேன்."

"காபி கிடக்கட்டும். பூக்கார அக்காவுக்குச் சொல்லத் தெரிஞ்சுது, எனக்குச் சொல்லத் தெரியலையா?"

"நான் எங்கம்மா சொன்னேன்? பூ வாங்கும்போது கழுத்தைப் பாத்துட்டு, இன்னா டீச்சர் இது வீக்கம்னு அவங்களா கேட்டாங்க. நீங்களும்தான் போன மாசம் வந்தீங்க. பாத்தீங்க, கேக்கல."

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. உண்மைதான். போன மாதம் வந்திருந்தேன், இரண்டு மணி நேரம் உட்கார்ந்து என் முட்டி வலியைப் பற்றிப் பேசிவிட்டுப் போனேன். கழுத்து கொஞ்சம் பருத்திருப்பது கண்ணில் பட்டது. வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

காபி வந்தது. ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழமை பாடிடுங்களேன் டீச்சர். அப்புறம் எப்படியோ என்னவோ."

"குரல் மேல போகலம்மா. 'காத்தே சொல்லு'ங்கற இடத்துல இப்பவே உடையுது. நல்லா பாடினான்னு ஜனங்க மனசுல ஒண்ணு வெச்சிருக்காங்க. அது அப்படியே இருக்கட்டும்." டம்ளரைக் கீழே வைத்தார். "பாட்டு போனா போகட்டும். எத்தனை வருஷம் பாடியாச்சு, ஆண்டவர் குடுத்தது போதும். எனக்கு வேற பயம்."

"என்ன பயம்?"

"அவர் போனதுக்கப்புறம் இந்த வீட்ல நான் ஒருத்தி. பொண்ணு எங்கயோ வெளிநாட்ல. காலைல எழுந்து நாலு பேருக்கு போன் போட்டு நாலு வார்த்தை பேசினாத்தான் எனக்குப் பொழுதே விடியும். ஆபரேஷன் முடிஞ்சு ஒரு நாள் நான் போன் போட்டு ஹலோங்கறேன். அந்தப் பக்கம், 'யாருங்க பேசறது?'ன்னு கேட்டா? ஒவ்வொருத்தரும் கேட்டா? நான்தான், நான்தான்னு எத்தனை பேருக்கு நிரூபிச்சுக்கிட்டு இருப்பேன் சொல்லுங்க?"

எந்தக் குரலில் பேசினாலும் நான் கண்டுபிடித்துவிடுவேன் டீச்சர் என்று சொல்லத்தான் நாக்கு வரைக்கும் வந்தது. கண்ணுக்கு நேரே இருந்த கட்டியைக் கண்டுபிடிக்காதவள் அதை எந்த மூஞ்சியோடு சொல்வது? நிஜமாகவே அடையாளம் தெரியாமல் போய்விட்டால்? காபியைக் குடித்துவிட்டு, கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் டீச்சர், நான், பூக்கார அக்கா, காதில் மிஷினோடு பேங்க் சார். அம்மாவாக நடித்த பெண் காட்டாங்குளத்தூரில் காலேஜில் வேலை பார்க்கிறாளாம். நல்ல குரல், நன்றாகவே பாடினாள். பரிசோதகர்தான் எனக்குப் பிடிக்கவில்லை. "ப்ளீஸ், இறங்கறீங்களா" என்கிற மாதிரி அப்படி ஒரு மரியாதை. இவளுக்குப் பயந்து எவள் இறங்குவாள்?

இரண்டாவது சரணம் முடிந்தது. "இங்கே திரிசூலம்" என்று நோட்டில் இருந்தபடி நிறுத்தினார்கள். அந்தப் பெண் வசனத்தைச் சொல்ல ஜனங்களைப் பார்த்துத் திரும்பினாள். முன்வரிசையில் டீச்சரைப் பார்த்தாள். என்ன தோன்றியதோ, வாயைத் திறக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். டீச்சருக்குப் புரிந்துவிட்டது. புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு எழுந்தார். ஜனங்களைப் பார்த்துத் திரும்பினார்.

"உள்ள தள்ளி நில்லுங்க! கொஞ்சம் உள்ள தள்ளி நில்லுங்க!"

கொஞ்சம் கரகரப்பு இருந்தது. ஆனால் ஹாலின் கடைசி வரிசை வரைக்கும் போயிற்று. ஜனங்கள் சிரித்தார்கள், பிறகு ஒருவர் எழுந்தார், அப்புறம் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். ஆபரேஷன் விஷயம் அவர்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்த நாங்கள் மூன்று பேரும் மட்டும் கைதட்ட முடியாமல் உட்கார்ந்திருந்தோம். பூக்கார அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "இன்னாத்துக்கு அயுவுற, நல்லாத்தானே கூவிச்சு" என்று என்னை அதட்டினார். மாஸ்டர் இருந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். இப்படிப்பட்டவர்களோடு என்னை ஒரே வண்டியில் ஏற்றி விட்ட அந்தத் தலைவலிக்குக்கூட அன்றைக்கு நன்றி சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை ஆபரேஷன் முடிந்தது. கட்டி கெட்ட கட்டி இல்லை என்று டீச்சரின் மகள் செய்தி அனுப்பினாள். ஆபரேஷனுக்காக வெளிநாட்டிலிருந்து வந்திருந்தாள். குரலைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது, சில நாள் பேசவே கூடாது என்று டாக்டர் உத்தரவு, பார்க்கவும் யாரும் வர வேண்டாம் என்று எழுதியிருந்தாள். புதன் போயிற்று, வியாழன் போயிற்று. போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினேன். கேபிள்காரர், கேஸ்காரர், என் நாத்தனார். நாத்தனாரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை காலை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. தெரியாத நம்பர். தெரியாத நம்பர் என்றால் எனக்கு லோன்காரர்கள்தான், வேறு யார்? எடுத்த உடனே ஆரம்பித்துவிட்டேன்.

"லோனும் வேணாம், கார்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். காலங்காத்தால உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

அந்தப் பக்கம் பேச்சு இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிடலாம் என்று நினைத்தபோது ஒரு குரல் வந்தது. கரகரத்து, தேய்ந்து, பாதி காற்றாக, ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாத குரல்.

"டிபன் ஆச்சா?"

"எங்க டீச்சர், இப்பத்தான் பீன்ஸே நறுக்கறேன். அவர் வேற வாக்கிங் போயிட்டு இன்னும் வரல" என்றேன்.

பதிலைக் காணோம். என்ன டீச்சர், லைன்ல இருக்கீங்களா என்று கேட்க வாயைத் திறந்தபோதுதான் நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. கத்தியைக் கீழே வைத்தேன். எப்படித் தெரிந்தது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பக்கம் அழுகிற சத்தம் கேட்டது. நானும் அழுதேன்.

"பொண்ணோட புது நம்பர்ல இருந்து வேணும்னேதான் போட்டேன்," என்றது அந்தக் குரல், ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று நின்று. "முதல் போன் உங்களுக்குத்தான். யாருன்னு நீங்க கேக்கலம்மா."